தேவாலயத் தோட்டத்துக் குளிர்காலப் பறவைகள்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இங்கிலாந்தில் பறவை பார்க்கத் தொடங்க ஏற்ற மாதம் எது என்று கேட்டால் பலரும் மே என்பார்கள். நான் டிசம்பர் என்பேன். மே மாதத்தில் ஐந்து மணிக்கே விடிந்துவிடும். அரைத்தூக்கத்தில் எழுந்து போனால் இலைகளுக்குள்ளிருந்து பத்துப் பதினைந்து குரல்கள் ஒன்றாகக் கேட்கும். ஒரு பறவையும் கண்ணில் படாது. டிசம்பரில் மரங்கள் மொட்டையாக நிற்கின்றன. தென் இங்கிலாந்தில் எட்டு மணியை ஒட்டித்தான் சூரியன் எழுகிறது. காபி குடித்துவிட்டே கிளம்பலாம். பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. அதற்குள் வயிற்றை நிரப்பியாக வேண்டும் என்பதால் பறவைகள் ஓயாமல் இரை தேடுகின்றன. மனிதர்களைக் கண்டு அவ்வளவாகக் கூச்சப்படுவதும் இல்லை.

இடத்துக்கு வருவோம். பெரிய சரணாலயம் தேடிப் பஸ் ஏற வேண்டாம். பக்கத்துக் கிராமத்துத் தேவாலயமும் அதைச் சுற்றியுள்ள கல்லறைத் தோட்டமும் போதும். முதல்முறை நான் போவதாகச் சொன்னபோது தொலைபேசியில் அம்மா கேட்டார்: "விடிந்ததும் விடியாததுமாகக் கல்லறைக்கா போகிறாய்?" அதற்கு என்னிடம் இப்போது பதில் இருக்கிறது. சுற்றிலும் உள்ள நிலத்தை நூற்றாண்டுகளாக உழுதிருக்கிறார்கள், வெட்டியிருக்கிறார்கள், வீடு கட்டியிருக்கிறார்கள். இந்த ஓர் ஏக்கரை மட்டும் யாரும் தொடவில்லை. ஆகவே பழைய மரங்கள், பொந்து விழுந்த கல்சுவர், ஐவிக் கொடி, உரமும் மருந்தும் படாத புல் எல்லாம் இங்கே ஒரே இடத்தில் மிஞ்சியிருக்கின்றன. இங்குள்ள யூ என்ற ஊசியிலை மரங்களுள் ஒரு சிலவற்றுக்கு ஆயிரம் வயது தாண்டிவிட்டது; அவை பக்கத்தில் நிற்கும் கட்டடத்தைவிட மூத்தவை.

பெரும்பாலான கிராமத் தேவாலயத் தோட்டங்கள் பகலில் திறந்தே இருக்கும். டிக்கெட் கிடையாது, அனுமதி கேட்கவும் வேண்டாம். அறிவிப்புப் பலகையில் வழிபாட்டு நேரம் எழுதியிருக்கும். அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அடக்கம் நடந்தாலோ, கல்லறைமுன் யாராவது தனியாக நின்றுகொண்டிருந்தாலோ பைனாகுலரைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு வெளியேறிவிட வேண்டும். கல்லறைக் கற்கள்மேல் சாயாதீர்கள். மரியாதை ஒருபுறம் இருக்க, பழைய கற்கள் ஆடுகின்றன.

கையில் என்ன வேண்டும்

பைனாகுலர் வாங்கும்போது அதன்மேல் இரண்டு எண்கள் இருப்பதைக் காண்பீர்கள். 8x42 என்றால் எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். புதியவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். 10 மடங்கு கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் குளிரில் நடுங்கும் கையின் ஆட்டத்தையும் அது பத்து மடங்காக்கிக் காட்டும். கைப்பைக்குள் அடங்கும் 25 மில்லிமீட்டர் கருவிகள் மேகமூட்டமான டிசம்பர் மாலைக்கு உதவாது, போதிய ஒளி உள்ளே வராது.

வாங்கியதும் ஒருமுறை உங்கள் கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். பலர் இதைச் செய்யாமலே ஆண்டுக்கணக்கில் மங்கலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எழுத்து பொறித்த கல்லறைக் கல் ஒன்றிலிருந்து இருபது அடி தள்ளி நில்லுங்கள். வலக்கண்ணை மூடிக்கொண்டு, நடுவிலுள்ள சக்கரத்தைத் திருப்பி, கல்லில் உள்ள ஆண்டு இடக்கண்ணுக்குத் தெளிவாகும்வரை கொண்டுவாருங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலப்பக்கக் கண்குழலில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். வளையத்தை அப்படியே விட்டுவிடலாம். இனிச் சக்கரம் மட்டும் போதும். கண்ணாடி அணிபவர்கள் கண்குழலின் ரப்பர் விளிம்பைக் கீழே இறக்கிவிட வேண்டும்.

பறவையைப் பைனாகுலரால் தேடாதீர்கள். வெறும் கண்ணால் பாருங்கள், கண்ணை எடுக்காமல் கருவியை முகத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு நாளில் கை பழகிவிடும்.

இவை தவிர முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ், விரல் நுனி திறந்த கையுறை, ஒரு சிறு நோட்டு, ஒரு பென்சில். பேனா உறைபனியில் எழுத மறுக்கும், ஈரத்தாளில் மை பரவும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தரும் மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். பயன்படுத்துங்கள், ஆனால் அது சொன்னதைத் துப்பாக மட்டும் கொள்ளுங்கள். கண்ணால் பார்த்தபின்தான் நோட்டில் ஏற வேண்டும். அதே செயலியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் வேலை மட்டும் வேண்டாம். எதிரி வந்துவிட்டான் என்று நம்பி அது வீணாகச் சக்தியைச் செலவழிக்கும். குளிர்காலத்தில் அதற்கு அந்தச் செலவு தாங்காது.

வாயிலில் பத்து நிமிடம்

பல தேவாலயங்களுக்குக் கூரை போட்ட மரவாயில் ஒன்று இருக்கும். லிச்கேட் என்பார்கள். பாதிரியார் வந்து எதிர்கொள்ளும்வரை சவப்பெட்டியை இறக்கிவைத்துக் காத்திருந்த இடம் அது. மழைக்கு ஒதுங்கவும் வசதி, பறவைகளுக்கு மறைவாக நிற்கவும் வசதி. உள்ளே போகும் அவசரம் வேண்டாம். பத்து நிமிடம் அசையாமல் நின்று காதை மட்டும் திறந்துவையுங்கள்.

குளிர்காலத்தில் பாடுகிறவை மிகச் சிலவே. முதலில் கேட்பது அநேகமாக ராபின்: சற்றுச் சோகமாக, இடைவெளி விட்டு விட்டு, நீர் சொட்டுவதுபோல. சிட்டுக்குருவி அளவு, ஆரஞ்சு மார்பு. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் இருப்பவர் இவரே. குளிர்காலத்தில் ஆண், பெண் இரண்டும் தனித்தனி எல்லை வகுத்துக்கொண்டு இரண்டுமே பாடும்; ஆகவே பாடுவது ஆண்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

அடுத்து, இவ்வளவு பெரிய சத்தம் எங்கிருந்து என்று திடுக்கிட வைப்பது ரென். பத்துக் கிராம் எடைதான், பழுப்பு உருண்டை, வாலைச் செங்குத்தாக நிமிர்த்தியிருக்கும். சுவரின் அடியில் எலிபோல ஓடும். பழைய ஃபார்திங் காசில் 1937 முதல் இருந்தது இதன் உருவம்தான். கடுங்குளிர் இரவுகளில் பல ரென்கள் ஒரே பொந்துக்குள் நெருக்கியடித்து அடையும். நார்ஃபோக்கில் ஒரு கூட்டுப் பெட்டியில் ஒரே இரவில் 60-க்கும் மேற்பட்டவை எண்ணப்பட்டிருக்கின்றன. அந்தி நேரத்தில் சுவர்ப் பொந்து ஒன்றுக்குள் வரிசையாக ரென்கள் நுழைவதைக் கண்டால் நகராமல் நின்று எண்ணிவிடுங்கள்.

சிவப்புப் பழம் இருக்கும் மரத்தடியில்

தோட்டத்துக்குள் நுழைந்ததும் பழம் தாங்கும் மரங்களைக் கண்டுபிடிப்பதே அடுத்த வேலை. முள்முள்ளான பளபளத்த இலையோடு இருப்பது ஹாலி. கரும்பச்சை ஊசியிலை, திரண்டு முறுக்கிய அடிமரம், உள்ளே குழிந்த மெழுகுச் சிவப்புப் பழம் என்றால் யூ. யூ மரத்தின் இலை, பட்டை, விதை எல்லாமே நஞ்சு. விதையைச் சுற்றிய சிவப்புச் சதை ஒன்றே விதிவிலக்கு. பறவைகள் சதையைச் செரித்து விதையை உடையாமல் வெளியே தள்ளிவிடுகின்றன. உடன் வரும் குழந்தைகளை அந்த மரத்தடியில் தனியே விடாதீர்கள்.

பழத்துக்கு வருகிற விருந்தாளிகள்தான் இந்த நாட்டுக் குளிர்காலத்தின் சிறப்பு. ரெட்விங், ஃபீல்டுஃபேர் இரண்டும் தமிழில் பூங்குருவி எனப்படும் திரஷ் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஸ்காண்டிநேவியா, பின்லாந்து, ரஷ்யா, ஐஸ்லாந்துப் பக்கங்களிலிருந்து அக்டோபர் முதல் கடல் தாண்டி வருகின்றன. அக்டோபர் இரவில் வாசலில் நின்றால் தலைக்கு மேலே இருட்டில் "சீ...ப்" என்று மெல்லிய இழுப்பு கேட்கும், வந்துகொண்டிருக்கும் ரெட்விங் அது. மைனாவைவிடச் சற்றுச் சிறியது, கண்ணுக்கு மேலே பால்நிறப் புருவக்கோடு, இறக்கைக்கு அடியில் செங்கல் சிவப்பு. ஃபீல்டுஃபேர் மைனாவைவிடச் சற்றுப் பருத்தது, சாம்பல் தலை, செம்பழுப்பு முதுகு, பறக்கும்போது "சக்-சக்" என்று கடுமையான குரல்.

என் முதல் குளிர்காலம் முழுவதும் ரெட்விங்குகளை நான் சாங் திரஷ் என்றே எழுதிவைத்திருக்கிறேன். இரண்டுக்கும் மார்பில் புள்ளிகள் உண்டு, அதோடு என் பார்வை நின்றுவிட்டது. சாங் திரஷ்ஷுக்கு அந்தப் புருவக்கோடு இல்லை. பெரும்பாலும் தனியாகவே இருக்கும். புல்வெளியில் திரஷ்போல இருபது சேர்ந்து மேய்ந்தால் அது ரெட்விங்தான் என்ற எளிய கணக்கை யாராவது அன்றே சொல்லியிருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு, மிசில் திரஷ். இந்தத் திரஷ்கள் எல்லாவற்றிலும் பெரியது, விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். ஒரு ஜனவரிக் காலையில் தோட்டத்து மூலையில் இருந்த ஹாலி மரத்தின் உச்சியில் ஒன்று உட்கார்ந்திருந்தது. மற்ற மரங்களில் பழம் தீர்ந்துவிட்டது. இந்த ஒன்றில் மட்டும் கிளை கிளையாகச் சிவப்பு. ஏழெட்டு ரெட்விங்குகள் எதிர்ச்சுவர்மேல் வந்து இறங்கின. மிசில் திரஷ் கிலுகிலுப்பையை வேகமாக ஆட்டுவதுபோல ஒரு சத்தம் எழுப்பிக்கொண்டு நேராக அவற்றின்மேல் பாய்ந்தது. எல்லாம் சிதறின. அது மரத்துக்குத் திரும்புவதற்குள் ஒரு ரெட்விங் பின்பக்கமாக நுழைந்து, ஒரு பழத்தை விழுங்கி, இன்னொன்றை அலகில் கவ்விக்கொண்டு போய்விட்டது. மறுபடி பாய்ச்சல், மறுபடி சிதறல். அரை மணி நேரத்தில் அந்தக் காவல்காரர் ஒரு பழமும் தின்னவில்லை. ஆனால் பலமாதச் சேமிப்பு அது. காத்து நிற்பது வீணில்லை என்பதற்கு அந்த மரமே சாட்சி: பிப்ரவரியிலும் அதில் பழம் இருந்தது. தை மாதம் பிறந்தும் பழம் குலுங்கும் ஹாலி மரம் ஒன்றைக் கண்டால் உச்சியைப் பாருங்கள், காவல் இருக்கக்கூடும்.

ஹாலியும் தீர்ந்தபின் கைகொடுப்பது ஐவி. அது இலையுதிர் காலத்தில் பூத்து, குளிர்காலக் கடைசியில்தான் கருநிறப் பழம் பழுக்கும். மாடப்புறாவைவிடப் பெரிய வுட்பிஜன்கள் அதில் தலைகீழாகத் தொங்கித் தின்னும் அலங்கோலத்தைப் பார்க்கவேண்டும்.

யூ மரத்தை விட்டு நகருமுன் ஒன்று. ஊசியிலைகளுக்குள் காதுக்கு எட்டியும் எட்டாத கீச்சொலி கேட்டால் அது கோல்டுகிரெஸ்ட். ஐந்தாறு கிராம் எடை, உச்சந்தலையில் மஞ்சள் கோடு, இந்த நாட்டின் மிகச் சிறிய பறவை. வயது ஏற ஏற இந்தக் குரலைத்தான் காது முதலில் இழக்கிறது, கேட்கிறபோதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடிமரங்களுக்கும் கோபுரத்துக்கும் அதிக நேரம் வேண்டாம். மரத்தில் சுற்றிச் சுற்றி மேலே மட்டும் ஏறுவது ட்ரீகிரீப்பர். தலைகீழாக இறங்கத் தெரிந்தது நட்ஹாட்ச். தோட்டத்தில் செந்நிறப் பஞ்சுபோன்ற பட்டை கொண்ட மாபெரும் வெலிங்டோனியா மரம் இருந்தால் (கலிபோர்னியாவிலிருந்து 1853-இல் வந்த மரம்) பட்டையில் முட்டை வடிவக் குழிகளைத் தேடுங்கள். ட்ரீகிரீப்பர் தன் உடலுக்கு அளவெடுத்துக் குடைந்து இரவில் அதற்குள் ஒட்டிக்கொண்டு உறங்கும். குழிக்குக் கீழே வெள்ளை எச்சக் கோடு இருந்தால் குடித்தனம் உண்டு. கோபுரத்தில் "ஜக்" என்று கூப்பிடுபவை ஜாக்டா. கழுத்தில் சாம்பல் நிறம் இருப்பதால் நம் ஊர்க் காகம் என்று தோன்றும். புறா அளவுதான், கண் வெளிறியிருக்கும். கூட்டமாகப் பறக்கும்போதும் இரண்டிரண்டாக ஒட்டிப் பறப்பதைக் கவனியுங்கள், அவை வாழ்நாள் சோடிகள்.

வயலுக்குப் போகும் வழி

இங்கிலாந்தில் நினைத்த வயலில் இறங்கி நடக்க முடியாது; பொது நடைபாதைகளில் மட்டும் நடக்கும் உரிமை உண்டு. பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் பச்சைக் கோடுகளாகவும், வேலிக் கம்பங்களில் மஞ்சள் அம்பாகவும் அவை குறிக்கப்பட்டிருக்கும். தேவாலயத்திலிருந்து ஒரு நடைபாதையாவது வயலுக்குள் போகும்; வழிபாட்டுக்குப் பண்ணைகளிலிருந்து நடந்து வந்தவர்களின் தடம். கதவு மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள், திறந்திருந்தால் அப்படியே விடுங்கள். நாயைக் கூட்டிச் சென்றால் கயிற்றில் பிடியுங்கள்.

இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும். பிப்ரவரி 1 வரை இங்கே ஃபெசன்ட் என்னும் கோழியினப் பறவையின் வேட்டைக் காலம். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் பதற வேண்டாம், நடைபாதையில் நில்லுங்கள், உங்களைப் பார்த்தால் அவர்களே நிறுத்துவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஃபெசன்ட், கவுதாரி சுடச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே வயலுக்கு ஞாயிறு நல்ல நாள். தேவாலயத் தோட்டத்துக்கு மற்ற ஆறு நாட்கள்.

வயலில் முதலில் உயிர்வேலி. சூரியன் உங்கள் முதுகில் இருக்கும்படி பக்கத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான். "சீ-சீ-சீ" என்று ஒரு கூட்டம் வேலியோடு வரும். நீண்ட வால் கொண்ட லாங்டெயில்டு டிட்கள், அவற்றோடு நீலம், மஞ்சள் கலந்த ப்ளூ டிட்கள். நின்றுவிட்டால் அவையே உங்களைக் கடந்து போகும், இரண்டு கை தூரத்தில்கூட. பின்தொடர்ந்து ஓடினால் ஒன்றும் கிடைக்காது.

அதன்பின் அறுவடைக்குப் பின் உழாமல் விட்ட அரிதாள் வயல் எங்கே என்று பாருங்கள். இதுவே நாளின் முக்கியமான தேடல். முன்பு வசந்தத்தில் விதைப்பதே வழக்கமாக இருந்ததால் குளிர்காலம் முழுதும் அரிதாள் நின்றது, சிந்திய தானியமும் களைவிதையும் பறவைகளுக்குக் கிடைத்தன. இலையுதிர் காலத்திலேயே விதைக்கும் முறை பரவியதும் அந்த உணவு போயிற்று. இந்நாட்டு வயல்வெளிப் பறவைகள் 1970-க்குப் பிறகு பாதிக்கும் மேல் குறைந்ததற்கு இது பெரிய காரணங்களில் ஒன்று. எனவே மிஞ்சியிருக்கும் ஓர் அரிதாள் வயலில், சுற்றுவட்டாரத்துப் பறவைகள் எல்லாம் கூடியிருக்கலாம். ஓரத்தில் நின்று பார்த்தால் வெறும் மண். பொறுத்திருங்கள். எதற்கோ வெருண்டு ஐம்பது பறவைகள் மண்ணிலிருந்து பிய்த்துக்கொண்டு எழும்: லின்னட், மஞ்சள் தலை யெல்லோஹாமர், கரகரவென்று குரல் கொடுக்கும் வானம்பாடிகள். வானம்பாடி இப்போது உயரே நின்று பாடாது, ஏமாற வேண்டாம். கூட்டம் வேலியில் போய் அமரும்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள். நடந்து விரட்டாதீர்கள்.

உழுத ஈரநிலத்தில் இருப்பவை ஆட்காட்டிகள். நம்முடைய ஆட்காட்டியின் இனமே. ஆனால் கூர்ந்த நீள்கொண்டையும் பச்சை மின்னும் முதுகும் உண்டு, குரல் "பீ-விட்" என்று சன்னமாக இருக்கும். அகன்ற இறக்கை கறுப்பு வெள்ளையாகச் சிமிட்டும். அதே கூட்டத்தில் கூர் இறக்கையோடு விரைந்து போகிறவை கோல்டன் ப்ளவர். நிலம் உறைந்துவிட்டால் இரண்டும் ஒரே இரவில் மேற்கே போய்விடும். நேற்று முந்நூறு பார்த்த வயலில் இன்று ஒன்றும் இல்லையே என்று உங்கள் கண்ணைக் குறை சொல்லாதீர்கள். டிராக்டருக்குப் பின்னால் வரும் கடற்காக்கைகளில் கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மட்டும் உள்ளது, பெயரளவில் கறுந்தலைக் கடற்காக்கை (Black-headed Gull). கரும்பழுப்புத் தலை அதற்குக் கோடையில்தான்.

நான்கு மணிக்கு முன்

தேவாலயத்துக்கு மூன்று மணிக்குத் திரும்பிவிடுங்கள். தென் இங்கிலாந்தில் டிசம்பர் அந்தி நான்குக்குள் வந்துவிடும். அந்த ஒரு மணி நேரம்தான் கூகை எனும் வெண்ணிற ஆந்தைக்கு (Barn Owl). வெட்டாமல் விட்ட முரட்டுப் புல் இருக்கும் ஓரத்தைப் பார்த்தபடி சுவரோடு ஒட்டி நில்லுங்கள். வெண்மையாக, சத்தமே இல்லாமல், இடுப்பு உயரத்தில் புல்லைத் துழாவிக்கொண்டே பறந்து வரும். வெளிச்சம் இருக்கும்போது வெளியே வந்தால் காகங்களிடம் படாதபாடு படும்; பகலில் கூகையைக் காக்கை வெல்லும் என்பது இங்கும் மாறவில்லை. இருட்டியபின் யூ மரத்துக்குள்ளிருந்து நடுங்கும் "ஹூ...ஊ" கேட்டால் அது டானி ஆந்தை. "கீ-விக்" என்று பதில் வந்தால் இரண்டாக இருக்கின்றன.

கூகையைக் காணாவிட்டாலும் அது இருந்த தடயம் கிடைக்கும். வாயில் மண்டபத்தின் உத்தரத்துக்குக் கீழே, பழைய களஞ்சியச் சுவரோரத்தில் கட்டைவிரல் பருமனில் கறுத்துப் பளபளக்கும் உருண்டை கிடந்தால் அது கூகை கக்கியது. கையுறையோடு எடுத்து, வெந்நீரில் ஊறவைத்து, ஊசியால் பிரியுங்கள். நான் பிரித்த முதல் உருண்டையில் நான்கு மண்டையோடுகள் இருந்தன. மூன்று குட்டைவால் வயலெலி, ஒன்று மூஞ்சூறு. மூஞ்சூறின் பல்நுனி சிவப்பாக இருந்ததால் உடனே தெரிந்துவிட்டது. ஆனால் உருண்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இறந்த பறவை எதையும் தொடாதீர்கள், பறவைக் காய்ச்சல் இந்நாட்டில் இன்னும் ஓயவில்லை.

வீடு திரும்பியதும் நோட்டில் எழுதவேண்டியவை: தேதி, நேரம், காற்று, உறைபனி உண்டா, பறவை, எண்ணிக்கை, எந்த மரம். கடைசி விவரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள்; அடுத்த ஆண்டு அதுதான் பயன்படும். எண்ணும்போது ஒரே நேரத்தில் கண்ட அதிகபட்சத்தை மட்டும் எழுதுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்த அதே ராபினை ஆறு ராபின் ஆக்கிவிடக் கூடாது. ஜனவரிக் கடைசி வார இறுதியில் ஆர்எஸ்பிபி என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கம் 1979 முதல் நடத்திவரும் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பிலும் இதே விதிதான். ஒரு மணி நேரம், வீட்டுத் தோட்டமோ பூங்காவோ போதும்.

ஒரே தோட்டத்துக்கே வாரம் ஒருமுறை போங்கள், ஊர் ஊராக அலைய வேண்டாம். மார்ச்சில் ரெட்விங்குகள் மர உச்சிகளில் கூடிச் சளசளக்கத் தொடங்கும். பின்னர் ஒரு வாரம் போனால் ஒன்றும் இருக்காது. கடைசியாகப் பார்த்த தேதியையும் எழுதி அடிக்கோடிடுங்கள்; அக்டோபரில் அடுத்த "சீ...ப்" எப்போது கேட்டது என்று அதன் கீழேயே எழுத இடம் விட்டுவையுங்கள்.